ஊனும் புகையும்

வலியசாலை என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வரலாற்றன்பர் உள்ளத்தில் எழுவது காந்தளூர்ச் சாலையே ஆகும். இங்குள்ள மகாதேவர் கோயிலைச் சார்ந்தே அச்சாலை விளங்கியது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கொள்கை. விழிஞத்தை ஒட்டிய இடமே அது என்று வாதிடுவாரும் உளர். சாலை என்றது நடந்து செல்லும் வழியை அன்று; கல்வியும் உணவும் உறையுளும் ஒருங்கே அளித்த நிலையத்தை. கி.பி. 866இல் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சாத்தருக்கு ஒரு சாலை நிறுவியபோது, காந்தளூரின் ஒழுங்கையே அதற்கு அளவுகோலாக வைத்தான் எனச் செப்பேடு கூறுகிறது. பின்னர் முதலாம் இராசராசன் இக்காந்தளூர்ச் சாலையில் ‘கலம் அறுத்ததை’த் தன் மெய்க்கீர்த்தியின் முகப்பிலேயே பொறித்துக்கொண்டான். அந்தக் கலம் கப்பலா, உண்கலமா என்பதுதான் நெடுநாளைய வழக்கு. கடற்படையை அழித்தான் என்பர் ஒரு சாரார். சாலையில் உண்போருக்கு இட்ட சோற்றை வரையறுத்தான் என்பர் மற்றொரு சாரார். மாணாக்கர் இலையில் கைவைத்ததை ஒரு பேரரசன் பெருமையாகப் பாறைதோறும் எழுதி வைப்பானா என்று எண்ணி, நாம் கப்பற் கட்சியிலேயே நிற்கின்றோம். ஆயினும், ஆயிரம் ஆண்டுப் பழைய பூசல் ஒன்று கடைசியில் சாப்பாட்டுத் தட்டில் வந்து நிற்பது நமக்கு வியப்பளிக்கவில்லை. மனிதர் எதை உண்டனர், யாருடன் உண்டனர், எதை மறைத்து உண்டனர் என்பது வரலாற்றின் அடித்தளம் அன்றோ!

சங்கங்களின் ஆண்டு மலர்களில் உணவைப் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவியலும் எரிசேரியும், நாஞ்சில் நாட்டுத் தீயலும், அக்கிரகாரத்து மிளகுக் குழம்பும் பலமுறை அச்சேறிவிட்டன. அவை அனைத்தும் நம்முடையவையே. ஆனால் இக்குடியிருப்பில் வாழும் குடும்பங்கள் ஒரே தெருவிலிருந்து வந்தவை அல்ல. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் வந்தவர்கள். நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்கள். வணிகரும் கணக்கரும் தோட்டத் தொழிலாளரும் தெருக்கூட்டுவோரும் எனப் பல நிலையினர். மலரைப் புரட்டிப் பார்த்தால் சில அடுப்புகள் மட்டுமே எரிகின்றன. ஏனைய அடுப்புகள் அவிந்து கிடக்கின்றன. வீட்டில் மாட்டிறைச்சி ஆக்கும் குடும்பத்துப் பிள்ளை, ‘எங்கள் வீட்டு உணவு’ என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னால் சாம்பாரைப் பற்றி எழுதுகிறான். அப்பொய்யை அவனுக்குக் கற்பித்ததில் மலர் எழுதும் நமக்கும் பங்குண்டு. உண்ணலாமா, ஆகாதா என்ற வழக்கை நாம் இங்கே தீர்க்க வரவில்லை. அஃது அவரவர் மனத்துக்கும் மரபுக்கும் உரியது. உண்டதை உண்டதாக எழுதி வைப்பது மட்டுமே வரலாற்றின் கடமை.

வலியசாலைத் தெருக்களில் இறைச்சி புகைந்தது என்று சொல்லவும் நாம் முற்படவில்லை. நம் கதை தொடங்குவது இதே சேர நாட்டின் அரசவை ஒன்றில்.

சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் ஒருநாள் புலவர் கபிலரின் கையைப் பற்றினான். இக்கை இவ்வளவு மென்மையாக இருப்பது ஏன் என்று வினவினான். அதற்குக் கபிலர் கூறிய விடை புறநானூற்றின் 14ஆம் பாட்டாக நிற்கின்றது. யானையை அடக்கியும் வில்லை வளைத்தும் தழும்பேறியவை உன் கைகள். எம்போன்ற பாடுவோர் கைகளுக்கோ, நல்ல புகையூட்டி மணங்கமழச் செய்த ஊனையும் துவையலையும் கறியையும் சோற்றையும் உண்பதே தொழில். வேறு தொழில் அறியாமையால் அவை மெல்லியவாயின என்பது அதன் சாரம். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டபோது இப்பாட்டும் உலகறிய வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டுவன இரண்டு. பாடியவர் அந்தணர், தாம் ஊன் உண்டதைச் சொல்ல அவர் கூசவில்லை. இரண்டாவது, அந்தப் புகை. தாளிப்பின் ஆவியைத்தான் புலவர் அவ்வாறு குறித்தார் எனக் கொள்வாரும் இருக்கலாம்; விறகின் புகை எனக் கொள்ளினும் இழுக்கில்லை. எவ்வாறாயினும், பச்சை ஊனின் புலால் வாடையைப் புகையால் மாற்றிப் பூமணம்போல ஆக்குவது சமையலின் நயம் என்று அந்நாளிலேயே அறிந்திருந்தனர். கெடாமல் வைத்திருக்கப் புகையிட்டார்கள் என்பதற்கு இப்பாட்டைச் சான்றாக்குவது மிகை. இங்கே புகை மணத்துக்காகவே வருகிறது.

மாட்டூன் பற்றிய செய்திகளும் சங்க நூல்களில் உண்டு. ஆநிரை கவர்ந்து சென்ற மழவரும் மறவரும் வழியில் கொழுத்த ஆவைக் கொன்று தின்றதை அகநானூறு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் கூறுகிறது. அவற்றுள் ஒன்று, தெய்வம் உறையும் வேம்பின் அடியில் பலியிட்டு உண்டதையும் சொல்கிறது. பொருநராற்றுப்படையிலோ, கரிகாலன் இரும்புக் கோலில் சுட்ட பெருந்தசைகளைத் தந்து தந்து, உண்டவன் பற்கள் உழுத கொழுவைப்போல் தேய்ந்தன என்று பொருநன் சிரித்துக்கொண்டே முறையிடுகிறான். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் சமண பௌத்த அறங்களும், பின்னர்ச் சைவ வைணவ எழுச்சியும் ஊனை ஒதுக்கின; மாட்டூனை அறவே விலக்கின. விலக்கியவர் மேலோர், விலக்காதவர் தீண்டத்தகாதவர் என்று உணவே சாதியின் எல்லைக்கல்லாயிற்று. இறந்த மாட்டின் ஊனை உண்டோர் மீது தீண்டாமை எவ்வாறு சுமத்தப்பட்டது என்பதை 1948இல் அம்பேத்கர் தனி நூலாகவே ஆராய்ந்து எழுதினார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்காதவரும் அவர் எழுப்பிய வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. 1750இல் மார்த்தாண்டவர்மர் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்த பிறகு, திருவிதாங்கூர் அரசு தன்னை இறைவனின் ஊழியனாகவே கருதியது. மன்னராட்சியில் பசுவதைக்கு இடமிருந்ததில்லை. ஆகவே இந்நகரில் அவ்வூண் பற்றிய எழுத்து இல்லாதது இயல்பே. ஏட்டில் இல்லாதது எல்லாம் அடுப்பிலும் இருந்ததில்லை என்று கொள்வது மட்டும் பிழை.

இனி ஊனைக் காத்து வைக்கும் முறைகளுக்கு வருவோம். நம் கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

தமிழ்நாட்டின் முறை உப்புக்கண்டம். ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ, எலும்பை நீக்கித் தனிக்கறியாக்கி, விரற்கடை அகலத்தில் நீள நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிடுவர். நான்கைந்து நாள் வெயிலில் அது சுருங்கி, கறுத்து, கயிறுபோல் முறுகிவிடும். பின் பானையில் இட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். விருந்தினர் வந்தாலும், மழையில் வேலையின்றி வீட்டில் இருந்தாலும் இரண்டு துண்டு எடுத்து எண்ணெயில் பொரித்தால் சோறு இறங்கும். ஏழையின் வீட்டில் ஒருநாள் கிடைத்த மிகுதியைப் பல நாளுக்குப் பகிர்ந்து கொடுத்தது இந்தக் கொடிதான். இதற்கு வேண்டுவது உப்பும் வெயிலும் மட்டுமே. தூத்துக்குடிக் கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

மலைக்கு இப்பால் நிலைமை வேறு. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; தூத்துக்குடியில் பெய்வது அதில் பாதியும் இல்லை. இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறி வரும் நாட்டில் கொடியில் தொங்கவிட்ட இறைச்சி உலர்வதற்கு முன் புளித்து நாறிவிடும். எனவே மலையாள நாடு கதிரவனை நம்பாமல் அடுப்பை நம்பியது. அடுப்புக்கு நேர் மேலே மூங்கிலாலோ கமுகு வாரிகளாலோ கட்டிய பரண், பழைய வீடுகளின் சமையலறைகளில் தவறாமல் இருந்தது. நாள் முழுதும் மூட்டிய விறகின் வெப்பமும் புகையும் அதன் வழியே மேலேறும். மீனும், தேங்காயும், விதையும் அங்கேதான் உலர்ந்தன. மீன்குழம்பில் இடும் குடம்புளி ஏன் கரியாக இருக்கிறது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதுண்டு. பழமாக இருந்தபோது அது மஞ்சள் நிறமே. பரணில் பல நாள் புகையுண்டு உலர்ந்ததால் கறுத்தது. ஆகவே ஊனை நுகராத வீட்டிலும் புகையூட்டிய பண்டம் ஒன்று புகுந்திருக்கக் கூடும்.

வெயில் நாட்டிலிருந்து மழை நாட்டுக்குக் குடிபெயர்ந்த தமிழன் மொழியையும் உடையையும் மாற்றிக்கொண்டதை எல்லாரும் எழுதுகின்றனர். அவன் தன் கொடியை இறக்கிவிட்டுப் பரணைக் கட்டிக்கொண்டதை எவரும் எழுதுவதில்லை. நாம் அதனைச் சிறு செய்தியாகக் கருதவில்லை.

புகை எவ்வாறு காக்கிறது? விறகு முழுச்சுடராய் எரியாமல் கனன்று புகையும்போது பினால் வகைகளும், அமிலங்களும், பார்மால்டிகைடும் பிறக்கின்றன. அவை ஊனின் மேற்பரப்பில் படிந்து பூஞ்சணத்தையும் கிருமிகளையும் தடுக்கின்றன. கொழுப்பு சிக்குப்பிடிக்காமலும் காக்கின்றன. இதே தத்துவத்தைத்தான் இம்மாவட்டத்தின் கிழக்கு மலைச்சாரலிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் ஷீட்டுக்குப் புகையிடும் கூடத்தில் காண்கிறோம். 1902இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் வணிக முறையில் ரப்பர்த் தோட்டம் தொடங்கிய பின், மழைநாட்டில் ஷீட்டுகள் பூத்துப் போகாமல் காப்பதற்குப் புகையே துணையாயிற்று. ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி வெப்பத்தில் நான்கு நாள் தொங்கிய ஷீட் தேன்நிறம் பெற்று வெளிவரும். இறைச்சிப் பரணும் ரப்பர்க் கூடமும் ஒரே குலத்தவை என்று சொன்னால் தோட்டக் கணக்கர்கள் நகைக்கலாம்; ஆனால் உண்மை அதுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து அரிசிப் பஞ்சத்தில், உணவுப் பயிருக்காகக் காடுகளைத் திருத்தத் திருவிதாங்கூர் அரசு இசைவு தந்தது. மீனச்சில் பக்கத்துக் கிறித்தவக் குடும்பங்கள் உயர்மலைப் பகுதிக்குப் பெருவாரியாகக் குடியேறின. அங்கே 1870களின் இறுதியிலிருந்தே தேயிலைக்காகவும் பிற பயிர்களுக்காகவும் திறக்கப்பட்ட தோட்டங்களில் நெல்லை, மதுரைச் சீமைத் தமிழர் உழைத்துவந்தனர். சந்தை தொலைவு; மழையோ மாதக்கணக்கில். ஒரு மாட்டை அறுத்தால் பல வீட்டார் பங்கிட்டுக்கொண்டு மிகுதியைப் பரணில் தொங்கவிட்டனர். அவ்வாறு புகையில் உலர்ந்த இறைச்சியைக் கனலில் வாட்டி, உரலில் இட்டு நார்நாராக இடித்து, சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து வதக்குவதே இடியிறைச்சி. இன்று விருந்து மண்டபங்களில் அது பெருமைக்குரிய பண்டம். அதனைப் பிறப்பித்தது பெருமை அன்று, சந்தையில்லாக் காடு.

கடலிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1343, 1344ஆம் ஆண்டுகளில் மாலத்தீவில் காசியாக இருந்த இபின் பதூதா, அங்கே ஒருவகை மீனை நான்காகப் பிளந்து, சற்றே வேகவைத்து, ஓலைக் கூடையில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதைக் கண்டு எழுதினார். அதன் தசை சிவந்தது, கொழுப்பில்லாதது, ஆட்டிறைச்சி போல மணப்பது என்றும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் செல்கிறது என்றும் குறித்தார். இவர் நம் மதுரைக்கும் வந்து போனவர். அங்கிருந்த சுல்தானுக்கு உறவினர். இவர் கண்டதுதான் நம் மாசிக் கருவாடு. சூரையின் முள்ளை நீக்கிய பெருந்தசையை அவித்து, புகையிட்டு, வெயிலில் வைத்து மரக்கட்டைபோல் ஆக்குவது இன்றும் மினிக்காய்த் தீவில் நடைபெறுகிறது. யாழ்ப்பாணத்தாரும் தூத்துக்குடியாரும் அதை இடித்துச் சம்பலுக்குச் சேர்ப்பர். வெயில், புகை ஆகிய இரண்டும் ஒரே பண்டத்தில் கூடியது இங்குத்தான். இலங்கையின் வேடரோ மூன்றாவதொரு வழி கண்டனர். ஊனைத் தேனில் இட்டு மரப்பொந்தில் அடைத்துக் களிமண்ணால் மூடினர் என 1681இல் வெளியான தம் நூலில் இராபர்ட் நாக்சு எழுதுகிறார்.

பரணைப் பற்றிப் பேசும்போது அதன் கீழே நின்றவர்களை மறக்கலாகாது. ஊன் மணத்தது, பெண்களின் கண்கள் எரிந்தன. மூடிய சமையலறையில் ஊதுகுழலால் ஊதி ஊதி நெருப்பைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே; அந்தப் புகை நுரையீரலைப் பழுதாக்குவதையும் கண்ணில் புரை வளர்ப்பதையும் இன்றைய மருத்துவம் உறுதி செய்துள்ளது. எரிவாயு வந்தபின் பரண்கள் இறங்கின. அதற்காக நாம் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடப்போவதில்லை. நம் பாட்டிமார் போதிய அளவு விட்டாயிற்று.

ஆயினும் புகை வேறு வழியில் நம் குடும்பங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவில், சிறப்பாக டெக்சாஸ் மாநிலத்தில், குடியேறியுள்ள நம் பிள்ளைகள் சிலர் வீட்டுக் கொல்லையில் முழு மாட்டுத் தொடையையோ நெஞ்சுக்கறியையோ எலும்பின்றி வாங்கிப் புகையிடுகிறார்கள். அவ்வழக்கத்தின் வேர் கரிபியத் தீவுகளில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் இசுபானியோலாத் தீவில் காட்டு மாடுகளை வேட்டையாடிய பிரெஞ்சுக்காரர், அந்நிலத்துப் பழங்குடியினரிடம் கற்று, ஊனைக் ‘பூக்கான்’ என்னும் மரத் தட்டியில் புகையிட்டுக் கப்பல்களுக்கு விற்றனர். பின்னாளில் அவர்கள் கடற்கொள்ளையில் இறங்கவே ‘பக்கனீர்’ என்ற அவர்களுடைய பெயர் கொள்ளையரையே குறிக்கலாயிற்று. அந்தத் தட்டி நம் பரணின் மறுவடிவம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! டெக்சாஸில் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய செருமானியரும் செக்கு நாட்டாரும் தம் இறைச்சிக் கடைகளில் அன்றன்று விற்காத பங்கைப் புகையிட்டு விற்றதிலிருந்து இன்றைய கொல்லைப்புறக் கலை வளர்ந்தது. ஆக, அங்கும் வந்தேறிகளே இதை வளர்த்தனர்.

பெருந்துண்டு விரற்கடைத் துண்டைப் போன்றதன்று. இங்கே ஒரு வேறுபாட்டை நம் வாசகர் தெளிவாக உணரவேண்டும். உப்புக்கண்டத்தில் உப்பும் காற்றும் நடுவரை ஊடுருவும். ஐந்து கிலோ கட்டியில் அவை மேலோட்டமாகவே நிற்கும்; வெறும் பரண்புகையில் தொங்கவிட்டால் வெளிப்புறம் உலர்ந்திருக்க உள்ளே நச்சுக்கிருமி பெருகிவிடும். எனவே பெரிய கட்டிக்குப் புகை மட்டும் போதாது. புகையோடு வெப்பமும் சென்று அதை உள்வரை வேகவைக்க வேண்டும். உப்பும் மிளகுத்தூளும் தடவி முதல்நாள் இரவே வைத்துவிடுகிறார்கள். மறுநாள் மூடியுள்ள அடுப்பில், கனலை ஒருபுறமும் ஊனை மறுபுறமுமாக வைத்து, உட்காற்றின் வெப்பம் 107 முதல் 120 டிகிரிக்குள் நிற்குமாறு காக்கிறார்கள். ஓக் போன்ற கடின மரமே ஏற்றது. பிசின் வடியும் மரம் கசப்பை ஏற்றிவிடும்.

மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின் ஒரு விந்தை நிகழ்கிறது. ஊனின் உள்வெப்பம் 65, 70 டிகிரியை எட்டியதும் மேலே ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். புதிதாகச் செய்பவர் பதறிப்போய் விறகைத் திணித்துக் கெடுப்பதுண்டு. மண்பானைத் தண்ணீர் கசிந்து ஆவியாகிக் குளிர்வதை அறிந்த நமக்கு இது புதிரன்று. ஊனும் அவ்வாறே வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஈரம் அடங்கியதும் வெப்பம் மீண்டும் ஏறும். அதற்குள் தசைநார்களைப் பிணைத்திருக்கும் கொலாஜன் இளகிப் பசையாகிவிடும். 93, 95 டிகிரியில் குச்சியால் குத்தினால் வெண்ணெய்போல் இறங்கும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அறுத்துப் பார்த்தால் விளிம்பில் செந்நிற வளையம் ஒன்று தோன்றும். அது வேகாத பகுதி அன்று. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஊனின் நிறப்பொருளோடு சேர்ந்ததன் விளைவு. தார்நிறமாகக் கருகிய பகுதியை மட்டும் அரிந்து எறிவது நலம். அளவு கடந்த புகைக்கரி புற்றுநோய்க்கு இடந்தரும் என்பர் மருத்துவர்.

கடல் கடந்த ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞர் ஒருவர் இதையெல்லாம் நம் சங்கத்து முதியோருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எதிரே அமர்ந்திருந்த ஓர் அம்மையார், தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், நெடுநேரம் பேசாமல் கேட்டார். “எல்லாம் சரி தம்பி, மிஞ்சினதை என்ன செய்வீங்க?” என்று கடைசியில் வினவினார். குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம் என்றார் அவர். “இடிச்சு வதக்கிப் பாருங்க, இன்னொரு வாரம் வரும்” என்றார் அம்மையார். அளவும் பக்குவமும் கேட்டு இளைஞர் குறித்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகளாக அதே அரங்கில் கூடியும் அந்த அம்மையாரிடம் அளவும் பக்குவமும் எவரும் கேட்டதில்லை. அடுத்த மலருக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஓர் ஆள் அமர்த்தியிருக்கிறோம்.